நான்கு தளம், நான்கு மறுப்பு: வெளிநாட்டில் திறக்காத இணையதளங்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

புகார்

வேலை நிமித்தமாக ஐரோப்பா போயிருந்த நண்பர் ஒருவர் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "வந்ததிலிருந்து எந்த சைட்டும் திறக்க மாட்டேங்குது. விபிஎன் போட்டும் பார்த்துட்டேன்." விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்துச் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை. நெட்வொர்க் பராமரிப்பு என் தொழில் என்பதால் இப்படிப்பட்ட செய்திகள் எனக்குப் புதிதல்ல. "எந்த சைட்டும்" என்பது அனேகமாக உண்மையாக இருப்பதில்லை என்பதும் தெரியும். அந்தச் செய்தியே இணையம் வழியாகத்தானே வந்து சேர்ந்தது.

துருவிக் கேட்டதில் தகராறு நான்கு தளங்களில்தான் என்று தெரிந்தது. ஒன்று, சொந்த நாட்டின் வரித் தாக்கல் தளம், கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு, அவருடைய வங்கி. மூன்று, அலுவலக மின்னஞ்சல். நான்காவது, அமெரிக்க உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரை; அவர் எழுதிக்கொண்டிருந்த அறிக்கைக்கு அது தேவைப்பட்டது. மற்றபடி தேடுபொறி, வரைபடம், காணொளி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வங்கித் தளம் ஒரு படத்தில் 403 என்ற அனுமதி மறுப்பு எண்ணைக் காட்டியது. இன்னொன்றில் உள்நுழைவுப் பக்கமே வந்திருந்தது. மூன்றாவதில் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்டதாக அறிவிப்பு. வரித் தளம் ஒரு படத்தில் வெறும் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தது, வேறொன்றில் நன்றாகத் திறந்திருந்தது. எந்தப் படம் எந்த இணைப்பில் எடுத்தது என்று அவருக்கே நினைவில்லை. ஹோட்டல் வைஃபை, பயணத்துக்கென்று வாங்கிய இ-சிம், ரோமிங்கில் இருந்த சொந்த நாட்டு சிம், இவற்றின் மேல் தன் இஷ்டத்துக்கு வந்து போகும் விபிஎன் என எல்லாம் கலந்து கிடந்தன.

வெளிநாட்டில் தளம் திறக்கவில்லை என்றதும் பலரும் முதலில் கைவைப்பது விபிஎன்னில்தான். என்னைக் கேட்டால் அது கடைசியாக வரவேண்டியது. தளம் மறுக்கிற விதத்திலேயே, மறுப்பது யார் என்ற தடயம் இருக்கிறது. விபிஎன் அந்தத் தடயத்தை அழித்துவிடும். அதோடு நிற்காமல் தன் பங்குக்குப் புதுச் சிக்கல் ஒன்றையும் சேர்த்துவிடும். இந்த நிகழ்வில் அது இரண்டையும் செய்தது.

மறுப்புகளைப் பிரித்துப் பார்த்தது

முதலில் விபிஎன்னை அணைக்கச் சொன்னேன். தானாக இணைந்துகொள்ளும் அமைப்பையும் சேர்த்து. அப்புறம் ஒரே நேரத்தில் ஒரே ஒரு இணைப்பு மட்டும் உயிரோடு இருக்க வேண்டும்: வைஃபை என்றால் மொபைல் டேட்டா அணைந்திருக்க வேண்டும், ஒரு சிம் என்றால் மற்றது டேட்டாவுக்குப் பயன்படக் கூடாது. இரண்டு சிம் உள்ள போன்களில், தேவைப்பட்டால் டேட்டாவை மற்ற சிம்முக்குத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. அதையும் நிறுத்தினோம். இல்லையென்றால் எந்த வழியாகப் போகிறோம் என்பது நமக்கே தெரியாமல் மாறிவிடும்.

ஒவ்வொரு இணைப்பிலும், கடைசியில் விபிஎன்னிலும், நான்கு தளங்களையும் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து, முகவரிப் பட்டை முழுதாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினார். பழைய குக்கிகளும் சேமித்துவைத்த திசைதிருப்பல்களும் கணக்கில் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தனிப்பட்ட சாளரம். கூடவே, இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியையும் அது எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதையும் காட்டும் ஏதாவது ஒரு தளத்தின் படமும்.

ஒரு பக்கம் திறப்பதற்குள் பல படிகள் நடந்து முடிகின்றன. பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது டிஎன்எஸ். அந்த முகவரியோடு டிசிபி இணைப்பு உருவாக வேண்டும். அதன்மேல் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம். தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் சரிபார்க்கப்படுவது அங்கேதான். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் "இந்தப் பக்கத்தைக் கொடு" என்ற கோரிக்கையே கிளம்பும், சர்வர் அதற்கு மூன்றிலக்க எண்ணோடு பதில் தரும். எனவே திரையில் 403, 429, 451, 503 என்று ஏதாவது ஓர் எண் தெரிகிறது என்றால் பாதை சரியாக இருக்கிறது, கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, எதிர்முனை யோசித்துத்தான் முடியாது என்கிறது. இந்த நிலையில் டிஎன்எஸ்ஸை மாற்றுவதும் போனை அணைத்துப் போடுவதும் வீண்வேலை.

எண் எதுவும் இல்லாமல் பிரௌசரே தன் சொந்தச் செய்தியைக் காட்டினால் கதை வேறு. வீட்டுக் கதவைத் தட்டுவதாக வைத்துக்கொண்டால், நேரம் கடந்துவிட்டது என்ற செய்தி உள்ளேயிருந்து சத்தமே இல்லாத வீடு. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்பது திறந்த வேகத்தில் முகத்தில் அறைந்து சாத்தப்பட்ட கதவு. 403 என்பது காவல்காரர் வெளியே வந்து "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று சொல்வது.

காவல்காரர் பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய தளங்களுக்கு முன்னால் சிடிஎன் என்ற இடைச் சேவை நிற்கிறது, முதல் மறுப்பு அங்கிருந்துதான் வரும். அப்படிப்பட்ட சேவைகளில் ஒன்றான கிளவுட்ஃபிளேரின் பக்கத்தில் 1009 என்ற எண் தெரிந்தால் தள உரிமையாளர் உங்கள் நாட்டையே தடுத்துவைத்திருக்கிறார். 1020 என்றால் அவர் எழுதிவைத்த பாதுகாப்பு விதி ஒன்றில் மாட்டிக்கொண்டீர்கள். 1015 என்றால் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறித் தட்டிவிட்டீர்கள், சற்றுப் பொறுக்க வேண்டும். அமேசான் கிளவுட்ஃபிரன்ட் இன்னும் வெளிப்படை: உங்கள் நாட்டிலிருந்து அணுகலைத் தடுக்கும்படி இந்தத் தளம் அமைக்கப்பட்டிருக்கிறது என்று வாக்கியமாகவே எழுதிக் காட்டும். 403 என்ற பெரிய எழுத்தைப் பார்த்ததும் மூடிவிடாமல் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளையும் படித்தால் பாதி வேலை முடிந்தது.

அலுவலக மின்னஞ்சல்: சான்றிதழ் எச்சரிக்கை

நண்பரை அதிகம் பயமுறுத்தியது இதுதான். ஹோட்டல் வைஃபையில் மின்னஞ்சல் தளத்தைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதல்ல, சான்றிதழ் பொருந்தவில்லை என்று சிவப்பு எச்சரிக்கை. "ஏற்றுத் தொடர்க" என்ற பொத்தான்கூட இல்லை. யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார்.

குறுக்கே நின்றது ஹோட்டலின் உள்நுழைவுப் பக்கம். அறை எண்ணும் பெயரும் கேட்குமே, அது. முதல் நாள் கொடுத்த அனுமதி காலாவதியாகியிருந்தது. காலாவதியான பிறகு நாம் எந்தத் தளத்தைத் தட்டினாலும் ஹோட்டலின் கேட்வே, அதாவது நெட்வொர்க்கின் வாயிலில் இருக்கும் கருவி, குறுக்கே புகுந்து தன் பக்கத்தைக் காட்டப் பார்க்கும். மறைகுறியாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி பக்கங்களில் அது எளிதாக நடக்கும். மறைகுறியாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் பக்கத்தில் நடக்காது. கேட்வே கையில் இருக்கும் சான்றிதழில் வேறு பெயர் இருப்பதைப் பிரௌசர் கண்டுபிடித்துவிடுகிறது. அதற்கும் மேல், இந்த மின்னஞ்சல் தளம் எச்எஸ்டிஎஸ் என்ற விதியைப் போட்டிருந்தது. 2012-இல் தரமாக்கப்பட்ட அந்த விதிப்படி, சான்றிதழ் பிழையைத் தாண்டிப் போகும் வாய்ப்பையே பிரௌசர் கொடுக்கக் கூடாது. பொத்தான் காணாமல் போனதன் ரகசியம் அதுதான். பாதுகாப்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது, பார்ப்பதற்குத்தான் தாக்குதல்போல் இருந்தது.

போன்கள் இதைக் கண்டுபிடிக்க வைஃபையில் சேர்ந்ததும் சாதாரண எச்டிடிபி பக்கம் ஒன்றைச் சத்தமில்லாமல் கேட்டுப் பார்க்கும். ஆண்ட்ராய்டு 204 என்ற வெற்றுப் பதிலை எதிர்பார்க்கும். ஆப்பிள் கருவிகள் ஒரு குட்டிப் பக்கத்தைக் கேட்கும். எதிர்பார்த்தது வராவிட்டால் உள்நுழைவுச் சாளரம் எழும்பும். இணைப்பின் நடுவில் அனுமதி முடிந்துபோகும்போது இந்தச் சோதனை பல சமயம் உடனே நடப்பதில்லை. கையால் செய்ய வேண்டியதுதான்: மறைகுறியாக்கம் இல்லாத ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளம் இதற்காகவே இருக்கிறது. லேப்டாப்பில் அதைத் திறந்ததும் ஹோட்டல் பக்கம் வந்தது, அறை எண் கொடுத்தார், மின்னஞ்சல் பக்கம் எச்சரிக்கை இல்லாமல் வந்தது.

போனில் அப்படியும் வரவில்லை. "தனிப்பட்ட டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை" என்றது. விளம்பரங்களைத் தடுப்பதற்காக எப்போதோ ஒரு டிஎன்எஸ் சேவையின் பெயரைப் போன் அமைப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் இந்த வசதி 853 என்ற போர்ட் (எண்ணிட்ட வாசல்) வழியாகப் பேசும். ஹோட்டல் நெட்வொர்க் அந்தப் போர்ட்டை அடைத்துவைத்திருந்தது. பெயரைக் குறிப்பிட்டு எழுதிவிட்டால் போன் அந்தச் சர்வரைத்தான் பிடித்துத் தொங்கும், சாதாரண டிஎன்எஸ்ஸுக்கு இறங்கி வராது. அமைப்பை "தானியங்கி" என்று மாற்றியதும் சரியானது. ஊரில் ஒருநாளும் தொல்லை தராத ஓர் அமைப்பு இது, அதனாலேயே யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வராது.

வைஃபை அனுமதி அடிக்கடி காலாவதியாவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று நண்பரிடம் சொல்லிவைத்தேன். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 தொடங்கி போன்கள் கருவியை அடையாளம் காட்டும் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்துப் புனைமுகவரி ஒன்றைக் காட்டுகின்றன. அந்தப் புனைமுகவரி அவ்வப்போது மாறும்படி அமைந்திருந்தால், ஹோட்டலின் கண்ணுக்கு நீங்கள் புதுக் கருவி. மறுபடி அறை எண் கேட்கும். தங்கியிருக்கும் வரை அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் நிலையான முகவரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே மேசை, மூன்று நாடு

மிச்சமிருந்த மூன்று தளங்களைப் பார்க்குமுன் ஐபி சோதனைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நண்பர் உட்கார்ந்திருந்த மேசை நகரவில்லை. ஆனால் ஹோட்டல் வைஃபையில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். சொந்த நாட்டு சிம்மில் ரோமிங் போட்டால் சொந்த நாட்டிலேயே இருந்தார். பயண இ-சிம்மில் ஆசியாவில், அவர் போயே இராத ஒரு நகரத்தில் இருந்தார். விபிஎன்னிலும் சொந்த நாடுதான், ஆனால் அங்கே ஒரு டேட்டா சென்டரில்.

ரோமிங் விஷயம் பலருக்கும் வியப்பாக இருக்கும். வெளிநாட்டு டவரில் போன் சேர்ந்திருந்தாலும், 4ஜி ரோமிங்கில் டேட்டா பொதுவாக அந்நாட்டிலேயே இணையத்தில் இறங்குவதில்லை. உள்ளூர் ஆபரேட்டர் அதை ஒரு சுரங்கப் பாதையில் போட்டு உங்கள் ஆபரேட்டரிடமே அனுப்பிவிடுவார். உங்கள் ஆபரேட்டரின் கேட்வேயில்தான் அது இணையத்தைத் தொடும். கணக்கு எழுதுவதற்கும் விதிமுறைகளுக்கும் அதுதான் வசதி. தாமதம் கூடும், வீடியோ அழைப்பு கொஞ்சம் தள்ளாடும், ஆனால் ஐபி முகவரி ஊர் முகவரி. எல்லா ஆபரேட்டரும் எல்லா நாட்டிலும் இப்படித்தான் செய்வார்கள் என்றில்லை, அதனால் ஐபியைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

பயண இ-சிம்கள் இதே ஏற்பாட்டின் இன்னொரு முகம். அவற்றை விற்பவருக்குப் பெரும்பாலும் சொந்த டவர் கிடையாது. ஏதோ ஒரு நாட்டின் ஆபரேட்டருடைய சிம் அது, நீங்கள் போகும் இடத்தில் ரோமிங் செய்கிறது. டேட்டா அந்த மூன்றாவது நாட்டில் போய் இறங்கும். ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு தேடுபொறி வேறொரு மொழியில் வருகிறதே என்று குழம்புவது இதனால்தான்.

இந்த நாட்டுக் கணிப்பே ஒரு தோராயம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. ஐபி எண்ணுக்குள் நாடு எழுதப்பட்டிருப்பதில்லை. வணிகத் தரவுத்தளங்கள் ஊகித்து வைத்திருக்கின்றன. ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகளின் மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோன பிறகு முகவரித் தொகுதிகள் விலைக்குக் கைமாறுகின்றன, ஒரு கண்டத்தில் இருந்தது இன்னொரு கண்டத்துக்குப் போகிறது, தரவுத்தளம் அதைத் தெரிந்துகொள்ளக் காலம் பிடிக்கிறது. தங்கள் முகவரிகள் எங்கே இருக்கின்றன என்று நிறுவனங்கள் தாங்களே அறிவிப்பதற்கான வடிவம் ஒன்று, ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 8805, 2020-இல்தான் வந்தது. ஊகம் எவ்வளவு கோணலாகப் போகும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பண்ணை ஒன்றே சாட்சி. "நாடு மட்டும் தெரியும், இடம் தெரியாது" என்ற 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளுக்கு ஒரு தரவுத்தளம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்துவைத்திருந்தது. அந்தப் புள்ளி விழுந்தது அந்தப் பண்ணையில். இணையக் குற்றம் எங்கே நடந்தாலும் விசாரிக்க வந்தவர்கள் அங்கே போய் நின்றார்கள். 2016-இல்தான் காரணம் வெளியே வந்தது.

வரித் தளம்: பதிலே இல்லை

ஹோட்டல் வைஃபையில் நேரம் கடந்தது. இ-சிம்மிலும் நேரம் கடந்தது. ரோமிங்கில் உடனே திறந்தது. இதோடு முடிவுக்கு வந்திருக்கலாம், ஆனாலும் உறுதிசெய்துகொள்ள, பல நாடுகளிலிருந்து ஒரே முகவரியைத் தட்டிப் பார்க்கும் இலவசச் சேவை ஒன்றில் வரித் தளத்தின் பெயரைக் கொடுத்தேன். டிஎன்எஸ் எல்லா நாடுகளிலிருந்தும் சரியான முகவரியைத் தந்தது. இணைப்பு சொந்த நாட்டுச் சோதனைமுனையிலிருந்து மட்டும் கிடைத்தது, மற்ற இடங்களில் மௌனம்.

இது ஃபயர்வால் வேலை, அதாவது நெட்வொர்க்கின் வாசலில் நின்று வடிகட்டும் அமைப்பின் வேலை. நாட்டுப் பட்டியலில் இல்லாத ஐபியிலிருந்து வரும் தரவுப் பொட்டலங்களை மறுப்புகூடச் சொல்லாமல் கீழே போட்டுவிடுகிறது. அரசுத் தளங்களை நடத்துபவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குப் புரியாமலில்லை. தாக்குதல் முயற்சிகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வரும், உள்நாட்டு முகவரிகளை மட்டும் விட்டால் பதிவேட்டில் இரைச்சல் ஒரேயடியாகக் குறையும். ஆனால் உருப்படியான தாக்குதல்காரர் உள்நாட்டிலேயே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துக்கொள்வார். மாட்டிக்கொள்வது வெளிநாட்டில் இருக்கும் குடிமக்கள்தான், அதுவும் கெடு நேரத்தில். தடுக்கத்தான் வேண்டுமென்றால், "வெளிநாட்டிலிருந்து இத்தளம் திறக்காது" என்று ஒரு பக்கத்தையாவது காட்டலாம். மௌனத்தால் தடுத்தால் பயனர் தன் போன், ஹோட்டல், பிரௌசர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு ஒரு நாளைத் தொலைக்கிறார்.

விபிஎன்னில் இந்தத் தளம் திறந்தது. சொந்த நாட்டில் வெளியேறும் விபிஎன் என்பதால் ஃபயர்வாலுக்கு அது போதுமானதாக இருந்தது. நண்பர் விபிஎன்னே தீர்வு என்று நம்பத் தொடங்கியதும், அதே நம்பிக்கையோடு வங்கிக்குப் போனதும் இதனால்தான்.

வங்கி

வங்கித் தளம் ஹோட்டலிலும் இ-சிம்மிலும் 403 கொடுத்தது, கீழே நீளமான ஒரு குறிப்பெண்ணோடு. ரோமிங்கில் உள்நுழைவுப் பக்கம் வந்தது. விபிஎன்னிலோ, நாடு சரியாக இருந்தும் படப் புதிர்கள் முடிவில்லாமல் வந்தன, பிறகு 403.

வங்கிகள் நாட்டை மட்டும் பார்ப்பதில்லை. ஐபி முகவரி யாருக்குச் சொந்தமான தொகுதி என்பதையும் பார்க்கும். வீட்டு பிராட்பேண்டா, மொபைல் ஆபரேட்டரா, டேட்டா சென்டரா என்பது வெளிப்படையான தகவல். சாதாரண வாடிக்கையாளர் டேட்டா சென்டரிலிருந்து வங்கிக்கு வரமாட்டார். திருடிய கடவுச்சொற்களை வைத்து வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் அங்கிருந்துதான் வரும். போதாக்குறைக்கு, அதே விபிஎன் முகவரியை அதே நேரத்தில் முகம் தெரியாத பலர் பகிர்ந்துகொண்டிருப்பார்கள், அதில் ஒருவர் செய்த குறும்பு எல்லார் கணக்கிலும் ஏறும். ஹோட்டல் வைஃபைக்கும் கொஞ்சம் இதே கதிதான்.

கணக்கு பூட்டப்பட்டதன் காரணமும் இதில் தெளிந்தது. விபிஎன் விட்டு விட்டுத் துண்டித்துக்கொண்டிருந்ததால், வங்கியின் பார்வையில் ஒரே வாடிக்கையாளர் சில நிமிட இடைவெளியில் சொந்த நாட்டிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் மாறி மாறித் தோன்றியிருக்கிறார். விமானத்தால்கூட முடியாத பயணம் என்று கண்டால் பூட்டிவிடுவது மோசடிக் கண்காணிப்பின் பாலபாடம். வங்கியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதிவேட்டை என்னிடம் காட்டியிருந்தால் நானும் பூட்டியிருப்பேன்.

செய்தது இதுதான். பூட்டு தானாக விலகும் வரை எந்த வழியிலும் மறுபடி முயலாமல் இருந்தார். பிறகு ரோமிங்கில் மட்டும், பழகிய போனிலிருந்து, வங்கியின் செயலி வழியாக நுழைந்தார். ஓடிபி சொந்த நாட்டு சிம்முக்குத்தான் வரும். செலவு கூடிவிடுமோ என்று அந்த சிம்மை முழுக்க அணைத்துவைத்திருந்ததால் முன்பு ஓடிபியும் வரவில்லை. குறுஞ்செய்திக்கு டேட்டா தேவையில்லை. டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிட்டு சிம்மை உயிரோடு வைத்திருந்தாலே வந்து சேரும். வங்கிக்கு ஒரு மடலும் எழுதினோம். "உங்கள் சைட் திறக்கவில்லை" என்று எழுதினால் அதை யாரும் எங்கேயும் தேட முடியாது. எனவே மறுப்புப் பக்கத்தின் குறிப்பெண், அப்போதைய பொது ஐபி முகவரி, யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் நேரம் ஆகிய மூன்றையும் கொடுத்தோம். வெளிநாட்டு அணுகலுக்கான சுவிட்ச் ஒன்று செயலியின் அமைப்புகளில் இருப்பதாகவும், பயணத் தேதிகளைப் போட்டால் தடை விலகும் என்றும் பதில் வந்தது. அதற்குப் பிறகு ஹோட்டல் வைஃபையிலும் வங்கி திறந்தது.

பத்திரிகை: 451

ஹோட்டல் வைஃபையில் வந்த இந்த எண்ணைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டக் காரணங்களால் தர இயலாது என்பதற்கான எண், ஆர்எஃப்சி 7725 வழியாக 2016-இல் தரமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் தனியுரிமைச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அமெரிக்க உள்ளூர்ப் பத்திரிகைகள் சில, ஐரோப்பிய வாசகர்களுக்காகத் தளத்தைத் திருத்துவதைவிட அவர்களை விட்டுவிடுவதே மலிவு என்று முடிவுசெய்தன. அவற்றில் சில இன்றும் திறக்காது. இங்கே பழுது என்று எதுவும் இல்லை, ஒரு முடிவு இருக்கிறது.

இ-சிம்மிலும் ரோமிங்கிலும் கட்டுரை திறந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் விபிஎன் போட்டிருந்தபோது எடுத்த படங்களில் ஒன்று இடித்தது. அதே சமயம் எடுத்த ஐபி சோதனைப் படம் சொந்த நாடு என்கிறது, பத்திரிகையோ ஐரோப்பாவிலிருந்து வருகிறீர்கள் என்று 451 கொடுக்கிறது. இரண்டும் ஒரே இணைப்பு, ஒரே நிமிடம்.

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஐபி காட்டும் தளத்தை மாற்றி, ஐபிவி4, அதற்கடுத்த புதிய வகையான ஐபிவி6 இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் ஒன்றைத் திறக்கச் சொன்னேன். ஐபிவி4 சொந்த நாட்டு டேட்டா சென்டர். ஐபிவி6 ஹோட்டலுடையது! அந்த விபிஎன் ஐபிவி4 போக்குவரத்தை மட்டும் சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டு, ஐபிவி6-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. வரித் தளத்துக்கும் வங்கிக்கும் ஐபிவி4 முகவரி மட்டுமே இருந்ததால் அங்கே விபிஎன் பிடித்தது. பத்திரிகைக்கு ஐபிவி6 முகவரியும் இருந்தது. கருவிகள் இரண்டும் இருந்தால் பொதுவாக ஐபிவி6-ஐத்தான் முதலில் முயலும். ஆகப் பத்திரிகையின் கண்ணில் நண்பர் கடைசிவரை ஹோட்டலில்தான் இருந்தார். விபிஎன் போட்டும் சில தளங்கள் மட்டும் நம்மைக் கண்டுபிடித்துவிடுகின்றன என்று புலம்புகிறவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிடலாம். அதைவிட முக்கியம், விபிஎன் நம்மை மறைக்கிறது என்று நம்பி அதன்மேல் பாரத்தைப் போட்டிருப்பவர்கள் பார்த்துக்கொள்வது. போகும் நாட்டில் விபிஎன் பயன்பாட்டுக்குச் சட்டத் தடை உண்டா என்பதையும் கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுப்பாடு உள்ள நாடுகள் இருக்கின்றன.

திரும்பவும் அலுவலகம்: கடிகாரம்

மின்னஞ்சல் பக்கம் வந்தும் லேப்டாப்பில் உள்ளே போக முடியவில்லை. அங்கீகாரச் செயலி தரும் ஆறிலக்க எண்ணைத் தவறு என்று தள்ளியது. இது எல்லா இணைப்பிலும் ஒரே மாதிரி நடந்ததால் நெட்வொர்க் சந்தேகம் அப்போதே விலகிவிட்டது. போனில் இருக்கும் செயலி கொடுத்த எண் ஏற்கப்பட்டது. லேப்டாப்பில் இருந்த செயலியின் எண்தான் பலிக்கவில்லை.

அந்த எண் 30 நொடிக்கு ஒருமுறை நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6238 அதன் அடிப்படை. கணக்கில் எடுக்கப்படுவது யுடிசி நேரம், உள்ளூர் நேரமல்ல. நண்பர் லேப்டாப்பின் நேர மண்டலத்தை மாற்றாமல் கடிகார முள்ளை மட்டும் கையால் நகர்த்தியிருந்தார். திரையில் தெரிந்த மணி உள்ளூர் மணியோடு அச்சாகப் பொருந்தியது, உள்ளே யுடிசி பல மணி நேரம் தப்பிப்போயிருந்தது. நேரத்தையும் மண்டலத்தையும் தானியங்கியாக விட்டதும் எண் ஏற்கப்பட்டது. இதே பிழை பெரிதாக இருந்தால், அதாவது தேதியே மாறிப்போயிருந்தால், பார்க்கும் தளமெல்லாம் சான்றிதழ் காலாவதி என்று கத்தும்.

மிச்சம்

கடைசியில் சின்னதாக ஒன்று. மின்னஞ்சலிலிருந்து அலுவலகத்தின் உள் தளத்துக்குப் போக நிறுவனத்தின் சொந்த விபிஎன் தேவை. ஹோட்டல் வைஃபையில் அது இணைந்தது, உள்நுழைவுப் பக்கமும் வந்தது, அதற்கடுத்த பெரிய பக்கம் மட்டும் பாதியில் நின்றுவிடும். சிறிய பக்கங்கள் வரும், பெரியவை தொங்கும் என்றால் பொட்டல அளவைத்தான் நான் பார்ப்பேன். ஈதர்நெட்டின் வழக்கமான அளவு 1500 பைட். விபிஎன் தன் உறையைச் சுற்றியதும் பொட்டலம் பருத்துவிடுகிறது. "பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு" என்று நடுவழி ரூட்டர் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை ஹோட்டல் ஃபயர்வால் விழுங்கிவிட்டால் அனுப்புபவருக்குக் கடைசிவரை தெரியாது. உடைக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் (பதில் கேட்கும் சோதனைப் பொட்டலம்) அனுப்பிப் பார்த்து, பதில் வரும் வரை அளவைக் குறைத்துக்கொண்டே வந்தோம். விபிஎன் அடாப்டரின் எம்டியூவை, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவை, 1280 என்று வைத்ததும் பக்கங்கள் முழுதாக வந்தன. ஐபிவி6 எங்கேயும் தாங்கியாக வேண்டிய குறைந்தபட்ச அளவு அது என்பதால் சந்தேகம் வந்தால் நான் அங்கிருந்தே தொடங்குவேன்.

வரித் தாக்கல் கெடுவுக்கு முன் முடிந்தது, போனின் ரோமிங்கை ஹாட்ஸ்பாட்டாக்கி லேப்டாப்பிலிருந்து. காசு போட்டு வாங்கிய விபிஎன்னை நண்பர் நீக்கிவிட்டார். வரித் தளத்தின் உதவி முகவரிக்கு எழுதிய மடலுக்குப் பதில் வரவில்லை. அங்கே தடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.